எந்தச் சூடு, எதனோடு, எதற்குப் பதிலாக? புற்றுநோய்க்கான வெப்ப சிகிச்சைகள் ஓர் ஒப்பீடு

42 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் பதினெட்டு டிகிரிதான் வித்தியாசம். புற்றுநோய் மருத்துவத்தில் அந்தப் பதினெட்டு டிகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு துறை, அந்தப் பக்கம் வேறொரு துறை. 60 டிகிரியைத் தொட்டால் திசு சில நொடிகளில் வெந்து மடிந்துவிடும். கத்தி எடுக்காமல் செய்யும் அறுவை சிகிச்சை என்றே அதைச் சொல்லலாம். 42 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தாலும் பெரும்பாலான செல்கள் பிழைத்துக்கொள்ளும், ஆனால் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில் கதிர்வீச்சோ கீமோவோ வந்து அடித்தால் விழும். தனியாக விட்டால் எழுந்துகொள்ளும்.

இவை இரண்டு. இவற்றோடு, சுடவைத்த கீமோ மருந்தை வயிற்றுக்குள் ஓடவிடும் ஹைப்பெக், உடம்பு முழுவதையும் காய்ச்சல் நிலைக்கு ஏற்றும் முறை, கூரியரில் வரும் இன்ஃப்ராரெட் பாய் என எல்லாமே வெப்ப சிகிச்சை என்ற ஒரே பெயரில்தான் நோயாளியின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கின்றன. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க நான் நம்புவது இரண்டு கேள்விகளை. இந்தச் சூடு எந்தச் சிகிச்சையோடு சேரப்போகிறது? இதற்காக எந்தச் சிகிச்சை நிறுத்தப்படப்போகிறது? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் இருந்து, இரண்டாவதற்கு ‘எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். ஊசி முனையால் கட்டியை வேகவைக்கும் முறை மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது வெளிப்படையாகவே அறுவை சிகிச்சையின் இடத்தைக் கேட்கிறது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

ஊசியா, கத்தியா?

கல்லீரலில் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அல்ட்ராசவுண்டிலோ சி.டி.யிலோ பார்த்தபடி, தோல் வழியாக ஒரு நீண்ட ஊசியைக் கட்டியின் நடுவில் செலுத்துகிறார்கள். ஊசியின் முனையிலிருந்து ரேடியோ அலையோ மைக்ரோவேவோ பாய்கிறது. சில நிமிடங்களில் முனையைச் சுற்றி 60 முதல் 100 டிகிரி வரை வெப்பம் ஏறுகிறது. கட்டி மட்டும் வெந்தால் போதாது. அதைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை நல்ல கல்லீரலும் சேர்ந்து வேக வேண்டும். அந்த விளிம்பு எல்லாப் பக்கமும் கிடைத்ததா என்பதைச் சிகிச்சைக்குப் பின் எடுக்கும் ஸ்கேன்தான் சொல்லும். ஒரு பக்கம் விளிம்பு மெலிந்திருந்தால் கட்டி அந்தப் பக்கத்திலிருந்தே திரும்பும்.

கல்லீரலில் தோன்றிய புற்றுநோய் பெரும்பாலும் சிரோசிஸ் பிடித்த, அதாவது வடுப்பட்டு இறுகிப்போன, கல்லீரலில்தான் வருகிறது. அதில் பாதியை அறுத்து எடுத்தால் மிச்சப் பாதி தாங்காது. அப்படிப்பட்டவர்களுக்குச் சிறிய கட்டி என்றால் அப்லேஷன் எனப்படும் இந்த ஊசி முறை ஓர் இரண்டாந்தரத் தேர்வே இல்லை. கல்லீரல் மாற்று, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குச் சமமாக வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றிருக்கிறது. குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய கதை வேறு. அங்கே வெகுகாலம் கத்திதான் ராஜா. நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்திய கொலிஷன் சோதனை இதைக் கொஞ்சம் அசைத்திருக்கிறது. 3 செ.மீ.க்கு மேற்படாத, பத்துக்கு மிகாத கட்டிகள் உள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சையும் மற்றவர்களுக்கு அப்லேஷனும் செய்தார்கள். அப்லேஷன் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை என்று தெரிந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சிக்கல்கள் அப்லேஷன் பிரிவில் குறைவு. முடிவுகள் 2024இல் வெளியாயின.

இந்த ஊசிக்கும் எல்லை உண்டு. பெரிய இரத்தக் குழாயை ஒட்டியிருக்கும் கட்டியில் ஓடும் இரத்தமே சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். குழாயின் ஓரத்துச் செல்கள் பிழைத்துவிடும். மைக்ரோவேவுக்கு இந்தத் தொல்லை ரேடியோ அலையைவிடக் கொஞ்சம் குறைவு. பித்தப்பை, பித்தநாளம், குடல் பக்கத்தில் இருந்தால் அவையும் வெந்துபோகும் ஆபத்து. ஆக, 3 செ.மீ.க்குள், பெரிய குழாய்களை விட்டு விலகி ஒரு கட்டி இருந்தால், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே அப்லேஷன் பற்றிக் கேட்டுவிடலாம். அதே ஊசியை மட்டும் வைத்து 6 செ.மீ. கட்டியைக் கரைத்துத் தருகிறேன் என்றால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுவது நல்லது.

எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு, உடலுக்கு வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அலைகளை ஒரே புள்ளியில் குவித்துச் சூடாக்கும் முறையும் உண்டு. கதிர்வீச்சு பயன்படாதவர்கள் அல்லது பெற முடியாதவர்கள் 147 பேரிடம் நடந்த சோதனையில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது; போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 20 சதவீதத்தினருக்கு. வலிக்கு முதலில் கதிர்வீச்சு, அது கைவிட்டால் இது என்ற வரிசையே போதும். புற்றுநோயைக் குணமாக்கும் பேச்சு இங்கே இல்லை.

42 டிகிரியில் என்ன நடக்கிறது?

கட்டி வளர்கிற வேகத்துக்கு இரத்தக் குழாய்கள் வளர்வதில்லை. அதனால் நடுப்பகுதியில் ஆக்சிஜன் பற்றாக்குறை, அமிலத்தன்மை அதிகம். கதிர்வீச்சு ஆக்சிஜன் இருக்கும் இடத்தில்தான் முழு வேகத்தில் வேலை செய்யும். நடுவில் பதுங்கிய செல்கள் தப்பிவிடும். அந்தப் பதுங்கிய செல்கள்தான் வெப்பத்துக்கு எளிதில் பலியாகின்றன. போதாக்குறைக்கு, கதிர்வீச்சில் அறுந்த மரபணு இழைகளைச் செல் ஒட்டுப்போட்டுக்கொள்ளும் வேலையையும் சூடு சில மணி நேரம் முடக்கிவைக்கிறது. ஹைப்பர்தெர்மியா என்று மருத்துவர்கள் சொல்வது இந்த மிதச் சூட்டைத்தான்.

தினமும் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. சூடு பட்ட செல் தற்காப்புப் புரதங்களைச் சுரந்து, அடுத்த ஓரிரு நாளுக்குச் சூட்டைத் தாங்கும் பக்குவம் பெற்றுவிடுகிறது. அதனால்தான் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, இடைவெளி விட்டுக் கொடுக்கிறார்கள். ‘தினசரி அமர்வு, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி’ என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்த அடிப்படையைத் தெரியாதவர்கள் அல்லது தெரிந்தே மறந்தவர்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்: சூடா, சிஸ்பிளாட்டினா?

வெப்ப சிகிச்சை பற்றிய விவாதம் முழுவதையும் ஒரே நோயில் பார்க்க வேண்டுமென்றால் அது கருப்பைவாய்ப் புற்றுநோய். 1990 முதல் 1996 வரை நெதர்லாந்தில் இடுப்புப் பகுதிப் புற்றுநோய் முற்றிய 358 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும். மற்றதற்குக் கதிர்வீச்சும் வாரம் ஒரு முறை வெப்பமும். சிறுநீர்ப்பை, மலக்குடல் புற்றுநோயாளிகளைவிடக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பெண்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. அந்தப் பெண்களில் மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம். வெப்பமும் சேர்ந்தவர்களில் 51 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் 20க்கு 37 என்ற வித்தியாசம் நின்றது.

இந்த எண்கள் 2000இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தபோது உலகமே இதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை. காரணம், ஓராண்டு முன்புதான், 1999இல், கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் ஆயுள் கூடுகிறது என்று ஐந்து சோதனைகள் அடுத்தடுத்துச் சொல்லியிருந்தன. சிஸ்பிளாட்டின் ஒரு பாட்டில் மருந்து. எந்த ஊரிலும் ஏற்றலாம். வெப்பத்துக்குத் தனிக் கருவி, தனி அறை, அதை இயக்கத் தெரிந்த இயற்பியலாளர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஆதாரத்தைவிட வசதிதான் போட்டியில் வென்றது என்பது என் கருத்து.

ஆனால் ஆதாரமும் அப்பழுக்கில்லாதது அல்ல. நெதர்லாந்துச் சோதனையில் வெப்பம் பெறாத பிரிவின் முடிவுகள் மற்ற நாடுகளின் முடிவுகளைவிட மோசமாக இருந்தன என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. பின்னர் சர்வதேச அணுசக்தி முகமை பல நாடுகளில் 110 பெண்களிடம் நடத்திய சோதனையில் வெப்பத்தால் கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை. கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் இரண்டோடும் மூன்றாவதாக வெப்பத்தைச் சேர்த்து ஜப்பானில் 101 பேரிடம் பார்த்தார்கள். கட்டி கரைந்தவர்கள் சற்று அதிகம், ஆனால் ஆயுளில் உறுதியான வித்தியாசம் இல்லை.

ஆகவே இந்தத் தேர்வை இப்படிப் பிரித்துப் பார்ப்பது நல்லது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெண்ணுக்குக் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும்தான் அடிப்படை. அதன்மேல் வெப்பம் கிடைத்தால் கெடுதல் இல்லை. கிடைக்காவிட்டால் அதற்காக வருந்தவும் வேண்டாம். ஆனால் முற்றிய நிலையில் கட்டி பக்கவாட்டில் பரவி, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை நெரிக்கும். சிறுநீரகம் வீங்கும், இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும். அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தும் அது இறங்காவிட்டால் சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாது. அங்கேதான் வெப்பம் ஓர் உண்மையான மாற்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் ஆழ்பகுதி வெப்பக் கருவி ஒன்றுக்குச் சிறப்பு அனுமதி தந்தபோதும், கீமோ பெறத் தகுதியில்லாத கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளுக்கு என்று குறிப்பிட்டே தந்தது.

அந்த ஒன்றரை மணி நேரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. இடுப்பைச் சுற்றி ஒரு வளையம்; அதன் உட்புறம் ஆண்டெனாக்கள். வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவே தண்ணீர் நிரம்பிய பை. அலைகளை உடம்புக்குள் கடத்தவும், தோல் வெந்துபோகாமல் குளிர்விக்கவும் அதுதான். பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றிலும் மெல்லிய குழாய் வழியாக வெப்பமானிகள். இது பலருக்குக் கூச்சமான சங்கதி. முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. முதல் அரை மணியில் உள்ளே வெப்பம் ஏறும். வியர்வை கொட்டும், நாடித்துடிப்பு ஓட்டம் ஓடியதுபோல் உயரும். மயக்க மருந்து தரமாட்டார்கள். காரணம், ‘இடது தொடைக்கு மேலே சுடுகிறது’ என்று நோயாளி வாய்விட்டுச் சொன்னால்தான் இயக்குபவர் அலைகளைத் திருப்பி அந்தச் சூட்டுப்புள்ளியைக் கலைக்க முடியும். பொறுத்துக்கொள்ளும் பெண்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இங்கே பொறுத்துக்கொண்டால் கொழுப்பில் தீப்புண்தான் மிஞ்சும்.

கருவியிலும் வகை உண்டு. ஆண்டெனா வளையம் ஒன்று. இரண்டு தகடுகளுக்கு நடுவில் உடம்பை வைத்து மின்புலத்தால் சூடேற்றுவது மற்றொன்று. ஆசியாவில் இதுதான் அதிகம். தகட்டு முறையில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு முதலில் சூடாகிவிடும். மெலிந்த உடல்வாகுக்குச் சரி, இரண்டு செ.மீ.க்கு மேல் கொழுப்பு இருப்பவர்களுக்கு ஆழத்துக்குச் சூடு போவதற்குள் வயிற்றுத் தோல் தாங்காது. மூன்றாவதாக, 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தும் எலெக்ட்ரோ ஹைப்பர்தெர்மியா. ஹங்கேரியில் உருவான இதில் கட்டியின் வெப்பநிலையை அளப்பதைவிட எவ்வளவு ஆற்றல் செலுத்தினோம் என்பதைத்தான் கணக்கு வைக்கிறார்கள். அளக்காத சூட்டை எப்படி நம்புவது என்று பழைய வெப்ப சிகிச்சை மருத்துவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 210 பெண்களிடம், அவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களும் அடக்கம், நடந்த சோதனையில் ஆறு மாதத்தில் இடுப்புப் பகுதியில் நோய் இல்லாமல் இருந்தவர்கள் 19.8 சதவீதத்திலிருந்து 38.6 ஆக உயர்ந்ததையும் ஒதுக்க முடியாது. கவனிக்க வேண்டியது: அந்தப் பெண்கள் அனைவருக்கும் கதிர்வீச்சுத் திட்டம் முழுமையாக இருந்தது. அதே கருவியைக் கதிர்வீச்சும் கீமோவும் இல்லாமல் தனியே விற்கும் மையங்கள் இந்தச் சோதனையின் முடிவைச் சுவரில் மாட்டிவைப்பது நேர்மையில்லை.

இரண்டாம் முறை கதிர்வீச்சு

என்னைக் கேட்டால், மிதச் சூட்டின் மிக வலுவான இடம் எல்லோரும் பேசும் கருப்பைவாய் அல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே முழுக் கதிர்வீச்சு வாங்கி, சில ஆண்டுகள் கழித்து அதே மார்புச் சுவரில் சிவந்த முடிச்சுகளாகத் திரும்பி வரும் நோய். அந்தத் தோல் இரண்டாவது முழு அளவைத் தாங்காது. அளவைக் குறைத்தால் நோய் போகாது. இங்கே வெப்பம் அந்தக் குறைந்த அளவுக்கு வலுச் சேர்க்கிறது. தோலுக்கு அருகில் இருப்பதால் சூடேற்றுவதும் அளப்பதும் எளிது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தோலுக்கு அருகில் உள்ள கட்டிகள் கொண்ட 109 பேரிடம் செய்த சோதனையில், முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களில் கட்டி முழுவதும் மறைந்தது வெப்பமில்லாமல் 23.5 சதவீதம், வெப்பத்தோடு 68.2 சதவீதம். இவ்வளவு இடைவெளி புற்றுநோய்ச் சோதனைகளில் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆயுள் நீள்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் மார்பில் ஆறாத புண், நாற்றம், கசிவு இவற்றோடு நாள் கழிப்பவருக்கு அந்தப் புண் ஆறுவதே பெரிய காரியம்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மும்பை நானாவதி மருத்துவமனையில் 56 பேரிடம் நடந்த சிறிய சோதனையிலும் கட்டி முழுதாகக் கரைந்தவர்கள் 42.4 சதவீதத்திலிருந்து 78.6க்கு உயர்ந்தார்கள். அதுவும் சிஸ்பிளாட்டின் சேராத கதிர்வீச்சோடு ஒப்பிட்டதுதான். வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் தொடர்ந்து சோதித்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தசை, கொழுப்பு, இணைப்புத் திசுக்களில் வரும் சார்க்கோமாவுக்கு வெப்பம் சேர்வது கீமோவோடு. ஜெர்மனி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய சோதனையில் 341 பேர். ஐந்து ஆண்டு ஆயுள் கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 51.3 சதவீதம், வெப்பமும் சேர்ந்தவர்களுக்கு 62.7, பத்தாண்டில் 42.7க்கு 52.6. விலையும் உண்டு: வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவது 63.5 சதவீதத்திலிருந்து 77.6 ஆனது. அங்கே பயன்படுத்திய மூன்று மருந்துக் கூட்டு எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமில்லை என்பதால், தொடையில் 5 செ.மீ.க்கு மேற்பட்ட, ஆழமான, தீவிரமான சார்க்கோமா என்றால் முதலில் தேட வேண்டியது சார்க்கோமாவை அடிக்கடி பார்க்கும் அறுவை மருத்துவரை. வெப்பம் அதற்குப் பிறகு.

ஹைப்பெக்: வயிற்றுக்குள் சூடான கீமோ

செலவும் ஆபத்தும் உச்சத்தில் இருப்பது இதற்குத்தான். சென்னை உட்பட இந்தியப் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் இது கிடைக்கிறது; ஆகவே நம் வாசகர்கள் உண்மையிலேயே எதிர்கொள்ளப்போகும் கேள்வியும் இதுதான். வயிற்று உட்சவ்வில் பரவிய கட்டிகளை, கண்ணுக்குத் தெரியும் எல்லாவற்றையும், அறுவை மருத்துவர் மணிக்கணக்கில் உரித்து எடுக்கிறார். பிறகு வயிற்றுக்குள் குழாய்களை வைத்து, 40 முதல் 43 டிகிரிக்குச் சூடாக்கிய கீமோ மருந்தைப் பம்ப் மூலம் சுழலவிடுகிறார்கள். மருந்து உறுப்புகளின் எல்லா மடிப்புகளிலும் படுவதற்காக வயிற்றைக் கையால் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். நோயாளி முழு மயக்கத்தில் இருப்பார்.

இரண்டு சோதனைகளை அருகருகே வைத்தால் தேர்வு தெளிவாகும். ஒன்று, நெதர்லாந்தில் மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றுநோய்ப் பெண்கள் 245 பேரிடம் நடந்தது. மூன்று சுற்றுக் கீமோவுக்குப் பிறகு அறுவை சிகிச்சை. பாதிப் பேருக்கு அதன் முடிவில் 40 டிகிரியில் 90 நிமிடம் சிஸ்பிளாட்டின் ஹைப்பெக். நடு ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு இருக்கும் காலம், 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமானது, பத்தாண்டுத் தொடர்கண்காணிப்பிலும் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம் நிலைத்தது. மற்றது, பிரான்சில் குடல் புற்றுநோய் வயிற்றுச் சவ்வுக்குப் பரவிய 265 பேரிடம் நடந்தது. 43 டிகிரியில் 30 நிமிடம் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து. நடு ஆயுள் ஹைப்பெக் பெற்றவர்களுக்கு 41.7 மாதம், பெறாதவர்களுக்கு 41.2. பலன் இல்லை. அறுபதாம் நாளில் கடுமையான சிக்கல்கள் மட்டும் 15 சதவீதத்திலிருந்து 26 ஆகக் கூடின.

முப்பது நிமிடம் போதாது, மருந்து தப்பு என்று ஹைப்பெக் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் பிரெஞ்சுச் சோதனை ஹைப்பெக் இல்லாமலே 41 மாதம் காட்டியது. அந்த ஆயுளைத் தந்தது சூடோ மருந்தோ அல்ல, கட்டியை மிச்சமில்லாமல் உரித்தெடுத்த கைகள் என்றுதான் நான் வாசிக்கிறேன். எனவே, மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றுநோயில், கீமோவுக்கு இடையில் செய்யும் அறுவையில், எல்லாக் கட்டியையும் எடுக்க முடியும் என்றால் ஹைப்பெக்கை யோசிக்கலாம். குடல் புற்றுநோயில் வழக்கமாகச் சேர்க்க ஆதாரம் இல்லை. அந்தப் பணத்துக்கும் அந்த ஆபத்துக்கும் அனுபவமுள்ள அறுவைக் குழுவைத் தேடுங்கள். குடல்வாலில் தொடங்கி வயிற்றை ஜெல்லி போன்ற சளியால் நிரப்பும் அரிய வகை நோய்க்கு மட்டும் அறுவையோடு ஹைப்பெக் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது.

கேட்காமல் யாரும் சொல்லாத ஒன்று: நெதர்லாந்துச் சோதனையில் குடலின் ஒரு பகுதியை வெட்ட வேண்டியிருந்த பெண்களில், ஹைப்பெக் பிரிவில் 72 சதவீதத்தினருக்கு வயிற்றில் துளையிட்டு மலப்பை வைக்க வேண்டிவந்தது, மற்றப் பிரிவில் 43. கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

உடம்பு முழுவதும் சூடு, வீட்டில் சூடு

காய்ச்சல் வந்தால் கட்டி கரைகிறது என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். ஜெர்மனியில் 1866இல் புஷ் என்ற மருத்துவர், முகத்தில் சார்க்கோமா இருந்த ஒருவருக்குத் தோல் தொற்றும் கடும் காய்ச்சலும் வந்தபின் கட்டி மறைந்ததை எழுதிவைத்தார். நியூயார்க்கில் வில்லியம் கோலி 1891 முதல் கிருமிகளை ஊசியாகப் போட்டே காய்ச்சலை வரவழைத்தார். சிலருக்குப் பலித்தது. அதில் வேலை செய்தது சூடா, தூண்டப்பட்ட நோய் எதிர்ப்பு ஆற்றலா என்றால், இன்று பெரும்பாலோர் இரண்டாவதையே சொல்வார்கள்.

இன்று ஐரோப்பாவில் சில தனியார் மையங்கள் உடல் முழுவதையும் 41.8 டிகிரி வரை ஏற்றுகின்றன. அதற்கு மேல் போனால் மூளையும் கல்லீரலும் தாங்காது. இதயத்துக்குப் பெரும் சுமை. நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். ஆயுளைக் கூட்டுகிறது என்று பெரிய சோதனை எதுவும் நிறுவவில்லை. வீட்டை அடகு வைத்து விமானம் ஏறும் அளவுக்கு இதில் சரக்கு இல்லை. ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டால் பேச்சு வேறு.

இன்ஃப்ராரெட் பாய்களுக்கு ஒரு கணக்கு போதும். செல்லைக் கொல்லும் திறனில் 43 டிகிரி ஒரு மணி நேரத்தை அளவுகோலாக வைக்கிறார்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் நான்கு மடங்கு நேரம் வேண்டும். 42 என்றால் நான்கு மணி. 41 என்றால் பதினாறு. பாயில் படுத்துக் கட்டி 39 டிகிரியை எட்டினால், அதுவே பெரும்பாடு, 256 மணி நேரம். தோலின் வழியாக நுழையும் சூட்டை ஓடும் இரத்தம் சில மில்லிமீட்டருக்குள் அள்ளிக்கொண்டு போய்விடுவதால் ஆழத்துக் கட்டி அந்த 39ஐக்கூட எட்டாது.

நொச்சி ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம் எல்லாம் சுளுக்குக்கும் வாயுப்பிடிப்புக்கும் சுகம்தான். மார்பில் தட்டுப்பட்ட முடிச்சுக்கு மாதக்கணக்கில் ஒத்தடம் கொடுத்துக் காத்திருப்பதுதான் ஆபத்து. சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. கதிர்வீச்சு பட்ட தோலில் ஒத்தடம் வேண்டாம். கீமோவால் கை, கால் மரத்துப்போனவர்களுக்கு வெந்நீர்ப் பையின் சூடு உறைக்காது. கொப்புளம் வந்தபின்தான் தெரியும். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் சூடு வைத்தால் வீக்கம் ஏறலாம்.

வெளியூர் போக வேண்டுமா?

ஹைப்பர்தெர்மியா கருவி இருக்கும் மருத்துவமனைகள் நம் நாட்டில் சொற்பம். ஜப்பானில் தேசியக் காப்பீடே 1990 முதல் இதற்குப் பணம் தருகிறது. இங்கே கருவி இருக்கும் ஊரைத் தேடித்தான் போக வேண்டும். போவதற்கு முன் காலக் கணக்கைப் பாருங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சும், உள்ளே வைத்துத் தரும் பிராக்கிதெரபியும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் இழுக்க இழுக்க நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும். வெப்பமோ கதிர்வீச்சு கொடுத்த சில மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். நெதர்லாந்தின் கருப்பைவாய்ச் சோதனையில் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் தந்தார்கள். ஆகவே காலையில் ஓர் ஊரில் கதிர்வீச்சு, வார இறுதியில் வேறோர் ஊரில் வெப்பம் என்று பிரித்துக்கொள்ள வழியில்லை. இரண்டும் ஒரே மருத்துவமனையில், அல்லது ஆட்டோவில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். முழுச் சிகிச்சைக்கும் அங்கேயே தங்க முடியும், கதிர்வீச்சு தொடங்கும் நாளும் தள்ளிப்போகாது என்றால் போகலாம். படுக்கை கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்றால், உள்ளூரிலேயே கதிர்வீச்சைத் தொடங்கி நாள் தவறாமல் முடிப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு லாபம்.

போவதாக முடிவானால், பேஸ்மேக்கர் வைத்திருப்பது, இடுப்பு மூட்டு மாற்றிய உலோகம், முன்பு வந்த மாரடைப்பு, சர்க்கரை நோயால் மரத்துப்போன கால் ஆகியவற்றை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். இவற்றில் பேஸ்மேக்கர் ஒன்றே போதும், ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவர்கள் மறுத்துவிடுவதற்கு.